ஐசக் அன்று தூங்கினானா?

வக்கீல் வைத்தீஸ்வரன் போன வாரம் வந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து, சேலையூர் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை.

புஷ்பத்துக்கு அந்த மாலை அப்படியே நினைவில் இருந்தது. வக்கீல் காப்பி வேண்டாம் என்றார். சுவரில் மாட்டியிருந்த ஐசக்கின் படத்தை, விமானி உடுப்பில் அவன் நிற்கிற அந்தப் படத்தை, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி உங்க மகன் தூங்கினாரா சார்?"

அப்பா சத்தியநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தாம்பரம் விமானப்படை நிலையத்தின் ஸ்டோர்ஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் குரல் உயர்ந்து அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"என் மகன் செத்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இன்னும் அவனைக் குழியிலிருந்து தோண்டணுமா? எழுந்திருங்க, வெளியே போங்க."

ஐசக் ஓட்டிய டக்கோட்டா விமானம், 1971 ஆகஸ்டில் மீனம்பாக்கத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பி, மழை மேகத்துக்குள் மலையில் மோதி நொறுங்கியது. வாடகைக்கு விமானம் விடும் ஒரு தனியார் கம்பெனியின் விமானம். அதில் போன ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. மோசமான வானிலை, விமானியின் கணிப்புப் பிழை என்று அறிக்கை வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் குடும்பம் நினைத்திருந்தது. இப்போது இறந்த பயணிகளின் உறவினர்கள் கம்பெனி மேல் வழக்குப் போடப் போகிறார்கள். அவர்களுடைய வக்கீல்தான் இந்த வைத்தீஸ்வரன்.

வழக்கு வரட்டும். ஆனால் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது? புஷ்பத்தை அரித்தது அதுதான்.

அந்த ராத்திரி வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா, ஐசக், அவன் மனைவி ஹில்டா. புஷ்பம் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முகாமில் இருந்தாள். அப்பா வெளியே சொல்லியிருக்க மாட்டார். ஐசக் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

பெரியண்ணன் தேவானந்தமும் அதையேதான் சொன்னான். அவன் குரோம்பேட்டையில் தனிக் குடித்தனம் இருக்கிறான். அதே விமானக் கம்பெனியில், விமானங்கள் கிளம்புவதைக் கவனிக்கும் டிராஃபிக் ஆபீசர் வேலை. புதன்கிழமை வந்தவன் கிளம்பும்போது புஷ்பத்தைத் தனியாக அழைத்தான்.

"அண்ணி மேல ஒரு கண்ணு வைம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை எங்கே போறா?"

"டைப்ரைட்டிங் கிளாஸ்னு சொல்றாங்க."

"விரல்ல மை பட்டு ஒரு நாளாவது பார்த்திருக்கியா?"

புஷ்பம் பார்த்ததில்லை.

*

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். குரோம்பேட்டையில் புஷ்பம் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில், ஆசிரியைகள் அறையில் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது மெட்டில்டா டீச்சர் பக்கத்தில் வந்தாள். செம்பாக்கத்திலிருந்து வருகிறவள்.

"உங்க அண்ணியை எங்க பக்கம் அடிக்கடி பார்க்கிறேனே புஷ்பம். சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"செம்பாக்கத்திலயா? இல்லையே."

"துளசிங்கம் வீட்டுக்குத்தான் போறாங்க. ஏரிக்கரைப் பக்கம் பெரிய ஓட்டு வீடு. பாவம், பொண்ணும் மாப்பிள்ளையும் ஏரோப்ளேன் விபத்துல..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். புஷ்பத்தின் அண்ணன் யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புஷ்பம் குடையைத் தேடுவதை விட்டுவிட்டாள்.

துளசிங்கம்! வழக்குக்கு முன்னால் நிற்கிறவரே அவர்தான் என்று தேவா சொல்லியிருந்தான். மற்றக் குடும்பங்களையெல்லாம் திரட்டி வக்கீலைப் பிடித்தவர் அவர். அவர் வீட்டுக்கு, ஐசக்கின் மனைவி, வாரா வாரம் போகிறாள். டைப்ரைட்டிங் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு!

வேளச்சேரி ரோட்டில் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மனசில் இருந்தது கோபமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணி எதற்காகப் போகிறாள்? வழக்கு ஜெயித்தால் அவளுக்கு ஏதாவது தருவதாகச் சொல்லியிருப்பார்களா? இல்லை, இந்தக் குடும்பத்தின் மேலேயே ஏதாவது வஞ்சமா? ஐசக் இருந்தவரை ஹில்டா அதிர்ந்து பேசியதில்லை. அவன் போன பிறகு பேசுவதையே குறைத்துவிட்டாள். பேசாதவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது?

செம்பாக்கத்தில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்தாள். துளசிங்கத்தின் வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு அம்பாசிடர் நின்றது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் வக்கீல் கோட்டு மடித்துக் கிடந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஹில்டாவின் குரல் கேட்டது.

"அவர் அன்னைக்குக் கண்ணை மூடினதே கொஞ்ச நேரம்தான் சார். அதுக்குப் பேர் தூக்கம் இல்ல."

புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவா சொன்னது சரி. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு...

"யாரும்மா அங்க? இன்னாத்துக்கு வெய்யில்ல நின்னுகினு கீற?"

கையில் தண்ணீர்ச் செம்போடு பின்பக்கமிருந்து வந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துளசிங்கத்தின் மனைவி பச்சையம்மா.

"நான் ஹில்டாவோட நாத்தனார்" என்றாள் புஷ்பம். ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்து பிடிபட்ட வெட்கத்தை மறைக்கக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

பச்சையம்மா கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

*

ஹில்டா அவளைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. அதுதான் புஷ்பத்துக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பின்னாலயே வந்துட்டியா?"

"ஆமா, வந்தேன். எங்க அண்ணன் பேரை எவ்வளவுக்கு விக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

வைத்தீஸ்வரன் பேனாவை மூடினார். மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்த துளசிங்கம் எழுந்து நின்றார். நெற்றியில் நாமமும் தோளில் துண்டுமாக, ஆறடி ஆள்.

"டீச்சரம்மா, விக்கிறது வாங்கிறதுன்னு எங்க வூட்டுல பேசாத. கம்பெனிக்காரன் வந்தான். ஒரு கையெழுத்துப் போடு, கையோட துட்ட வாங்கிக்கோ, இதோட முடிஞ்சுதுன்னான். நான் ஒண்ணுதான் கேட்டேன். ஓட்டினவன் மேல தப்புன்றியே, அவன ஓட்டச் சொன்னவன் யாருய்யா? அதுக்கு மட்டும் வாயத் தொறக்கல. அப்பவே எனக்குச் சந்தேகம்."

"அதுக்காக எங்க வீட்டு ஆளையே..."

"இவங்களா வரலம்மா" என்று குறுக்கே வந்தாள் பச்சையம்மா. "அது என் தப்பு."

அவள் தயங்கினாள். ஹில்டா தொடர்ந்தாள்.

"தாம்பரம் மார்க்கெட்ல இவங்க என்னைப் பார்த்துட்டாங்க புஷ்பம். யாரோ இன்னார்னு காட்டிக் கொடுத்திருக்காங்க. அத்தனை பேர் நடுவுல, 'உன் புருஷன் குடிச்சிட்டு ஓட்டி என் பொண்ணக் கொன்னுட்டான்'னு கத்தினாங்க. நான் என்ன செய்வேன், சொல்லு? அவர் ஒரு நாள் தொட்டிருப்பாரா அதை? 'குடிக்கலம்மா, அவர் தூங்கல, தூங்காம இருந்த ஆளைத்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க'ன்னு அழுதுட்டேன். யோசிச்சுச் சொல்லல. வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் இவங்க கூப்பிட்டதாலதான் வர ஆரம்பிச்சேன்."

புஷ்பம் அவள் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா? இவ்வளவு நாளாக ஒரு வார்த்தை சொல்லாதவள்.

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா அண்ணி? தூங்காம இருக்கோம்னு தெரிஞ்சே ஓட்டினான்னு சின்னண்ணன் மேலதான் விழும்."

"இப்ப மட்டும் யார் மேல விழுந்திருக்கு?" என்று கேட்டாள் ஹில்டா. "அறிக்கையைப் படிச்சியா? மழை மேல பாதி, அவர் மேல பாதி. கம்பெனி பேரே அதுல இல்ல."

வைத்தீஸ்வரன் நாற்காலியைப் புஷ்பத்தின் பக்கம் திருப்பினார்.

"உட்காருங்க டீச்சர். நான் சொல்றதைக் கேட்டுட்டு, பிறகு எவ்வளவு வேணும்னாலும் கோபப்படுங்க. ஏரோப்ளேன்ல போறவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனிதான் பொறுப்பு. ஆனா சட்டம் அதுக்கு ஒரு எல்லை போட்டு வச்சிருக்கு. ஒரு ஆளுக்கு இவ்வளவுதான், அதுக்கு மேல கேட்க முடியாது. அந்தத் தொகையை இன்ஷூரன்ஸ் கொடுத்துடும். கம்பெனிக்கு ஒரு கீறல்கூட விழாது."

"அதைத்தான் கொடுக்கிறேன்னு சொல்றாங்களே?"

"சொல்றாங்க. அதை வாங்கிட்டா, யாரால நடந்ததுன்னு யாரும் யாரையும் கேட்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டணும்னா ஒரே ஒரு வழி. கம்பெனியோ அதோட ஆளுங்களோ தெரிஞ்சே, வேணும்னே தப்பு செஞ்சாங்கன்னு காட்டணும். பைலட் களைச்சுப் போயிருக்கார்னு கம்பெனி ஆள் ஒருத்தருக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் அனுப்பினாங்க, இதை நிரூபிக்கணும்."

"ஏதோ புதுச் சட்டம் வந்திருக்குன்னு பேப்பர்ல பார்த்தேனே?"

"போன மாசம்தான் அமுலுக்கு வந்தது. இந்த விபத்து அதுக்கு முந்தினது. இவங்களுக்குப் பழைய சட்டம்தான். அதுலயும் விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகலைன்னா கதவு மூடிடும். ஆகஸ்டுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, நீங்களே பாருங்க. அதனாலதான் கம்பெனி இழுத்துக்கிட்டே போகுது."

புஷ்பம் உட்கார்ந்தாள். பச்சையம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு என்னதான் நடந்தது அண்ணி?"

ஹில்டா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெய்யில் நேரத்தில், குளிர்கிறவளைப் போல.

"ரெண்டு நாளா அவர் பறந்துக்கிட்டே இருந்தார். கல்கத்தா, விசாகப்பட்டினம், திரும்ப மெட்ராஸ். இன்னொரு பைலட்டுக்கு மஞ்சக்காமாலை. நடுராத்திரிக்கு மேல வந்து படுத்தார். காது ரெண்டும் இரையுது, தூக்கம் பிடிக்கலன்னு புரண்டுக்கிட்டே இருந்தார். விடியற நேரத்துல கொஞ்சம் கண் அசந்தார். அப்போ கார் ஹாரன் அடிச்சது."

"கம்பெனி காரா?"

"ஆமா. நான் மாமாகிட்ட ஓடினேன். 'உடம்பு சரியில்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்புங்க மாமா'ன்னு கெஞ்சினேன். மாமா போய் கார்ப் பக்கத்துல நின்னு பேசினார். ரொம்ப நேரம் பேசினார். வந்து, 'கிளம்பச் சொல்லு'ன்னார். அவ்வளவுதான். தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்துட்டார்."

அப்பாவா?

போன வாரம் அப்பா போட்ட சத்தம் காதுக்குள் மறுபடி கேட்டது.

"டிரைவர்கிட்டயா அவ்வளவு நேரம் பேசினார்?"

"பின்சீட்ல ஒருத்தர் இருந்தாங்க. இறங்கல. இருட்டு, முகம் தெரியல. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். உங்க அண்ணன் பையை எடுத்துக்கிட்டுப் போனார். கேட்டுக் கொக்கி மாட்டிக்கிச்சு. காலால ஒரு உதை விட்டுத் திறந்தார். திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். அதுதான்..."

துளசிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"அந்தப் பின்சீட்டு ஆள் யாருன்னு தெரியணும் டீச்சர்" என்றார் வைத்தீஸ்வரன். "டிரைவர் வேலையை விட்டுட்டு எங்கேயோ போயிட்டான். உங்க அண்ணி முகத்தைப் பார்க்கல. பார்த்தது உங்க அப்பா ஒருத்தர்தான்."

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிய பிறகு புஷ்பம் கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மாமா பொண்ணு" என்றாள் ஹில்டா.



வீட்டு வாசலில் தேவாவின் ஸ்கூட்டர் நின்றது. ஹில்டா பின்வாசல் வழியாகச் சமையலறைக்குப் போனாள். புஷ்பம் முன்னறைக்கு வந்தபோது மேஜைமேல் முத்திரைத்தாள்கள் விரிந்து கிடந்தன. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா, வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றான் தேவா. குரலில் ஒரு அவசரம். "பம்பாயிலிருந்து இன்ஷூரன்ஸ்காரங்க திங்கட்கிழமை வர்றாங்க. அதுக்குள்ள இந்த அஃபிடவிட் ரெடியாகணும். ஐசக் நல்லாத் தூங்கினான், தெளிவாத்தான் கிளம்பினான், அவ்வளவுதான் எழுதியிருக்கு. அப்பா கையெழுத்துப் போடுவார். நீயும் போடணும்."

"நானா? நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே."

"அது யாருக்குத் தெரியும்? வீட்டு ஆள் ரெண்டு பேர் சொன்னா நல்லா இருக்கும்னு கம்பெனி வக்கீல் சொல்றார். ஹில்டா போட மாட்டா. அவ எந்தப் பக்கம்னு இன்னும் தெரியல."

புஷ்பம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவன். பாளையங்கோட்டையில் இருந்தவளைச் சேலையூரில் இருந்ததாகச் சொல்லச் சொல்கிறான்.

"போடலைன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகுமா? பைலட்டுக்கு ஓய்வு கொடுக்காம அனுப்பினாங்கன்னு வந்தா, பாலிசியே செல்லாதுன்னு இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். கம்பெனி இழுத்து மூடிடும். எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும்னு நினைச்சுப் பாரு. அதை விடு. ஐசக் பேரு? தூங்கி வழிஞ்சுக்கிட்டு பிளேனை மலையில மோதினான்னு ஊரெல்லாம் பேசணுமா?"

"அவன் எப்படிக் கிளம்பினான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன? தூக்கக் கலக்கத்துல இருக்கிறவனா அப்படி வருவான்? கேட்டு மாட்டிக்கிச்சு, காலால ஒரே உதை, திறந்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தான்..."

தேவா பேச்சை நிறுத்தினான்.

சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ஹில்டா கதவு நிலையில் வந்து நின்றாள்.

"நீ பார்த்தியா அண்ணா?" என்று கேட்டாள் புஷ்பம்.

"அப்பா சொன்னார்."

"மாமா பார்க்கல" என்றாள் ஹில்டா. "மாமா ரூமுக்குள்ள இருந்தார். நான் ஜன்னல்ல இருந்தேன். என்னைத் தவிர பார்த்தது காருக்குள்ள இருந்தவங்கதான்."

தேவாவின் முகம் வெளிறிப் போனது. அவன் கைக்குட்டையைத் தேடி ஒவ்வொரு பையாகத் தடவினான்.

"அப்பா" என்றாள் புஷ்பம். "கார்ல வந்தது பெரியண்ணனா?"

சத்தியநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தின் பக்கமும் திரும்பவில்லை. முத்திரைத்தாளைத் தன் பக்கம் இழுத்து, தேவாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அப்பா, அது பொய்!"

"எனக்கு இருக்கிறது ஒரு மகன்தான்" என்றார்.

ஸ்டோர்ஸில் இருந்த காலத்தில் போட்ட அதே நிதானத்தோடு, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தைப் போட்டார். எழுத்துக் கோணவில்லை. போட்டு முடித்துத் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார்.

"இதைக் கோர்ட்டுல பைபிளைத் தொட்டுச் சொல்லணும் மாமா" என்றாள் ஹில்டா.

"தெரியும்."

"நானும் அதே பைபிளைத் தொட்டுத்தான் சொல்லுவேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று புஷ்பம் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனார்.

தேவா தாள்களை அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தான். புஷ்பம் விடவில்லை. கேட்டுக்கு வெளியே அவன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது கைப்பிடியைப் பற்றி நிறுத்தினாள்.

"சொந்தத் தம்பி அண்ணா! தூங்கலன்னு தெரிஞ்சே வந்து கூட்டிக்கிட்டுப் போனியே. இப்போ என்னையும் பொய் சொல்லச் சொல்றே. உன் வேலை அவ்வளவு பெரிசா?"

"கத்தாதே."

"கத்துவேன். நாளைக்கே நான் அண்ணியைக் கூட்டிக்கிட்டு வைத்தீஸ்வரன் வீட்டுக்குப் போறேன். பின்சீட்ல இருந்தது யாருன்னு சொல்லப் போறேன்."

தேவா ஸ்கூட்டரை உதைப்பதை நிறுத்தினான். நாற்பதைத் தொட்ட மனிதன். கண்கள் நிறைந்து வழிவதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றான்.

"சொல்லு. ஆனா முழுசாச் சொல்லு. ஐசக்கைக் கூட்டிக்கிட்டு வரணும்னா டிரைவரே போதும் புஷ்பம். நான் எதுக்கு வந்தேன்? யோசிச்சியா?"

"எதுக்கு?"

"போக வேண்டாம்னு சொல்ல வந்தேன். உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லட்டும், மீதியை ஆபீஸ்ல நான் பார்த்துக்கிறேன், இன்னைக்கு பிளேன் கிளம்பாதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். கெஞ்சினேன். அந்தக் கேட்டுப் பக்கத்துல நின்னுதான். அப்பா கேட்கல." அவன் குரல் உடைந்தது. "இதை நான் கோர்ட்டுல சொன்னா, கம்பெனி ஆபீசருக்கே தெரியும், தெரிஞ்சும் பிளேன் கிளம்புச்சுன்னு ஆயிடும். துளசிங்கம் ஜெயிச்சிடுவார். நான் ஏன் சொல்லலன்னு கேளு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, பிறகு ஏன் போனான்னு அடுத்த கேள்வி வரும்."

ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது.

புஷ்பம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய்யா? மாட்டிக்கொண்டவன் அந்த நிமிஷத்தில் கட்டிய கதையா? அப்பாவைக் காட்டித் தான் தப்பிக்கப் பார்க்கிறானா? அப்படியானால் அந்தக் கண்ணீர்? கிளம்பச் சொல்லு என்று வந்து சொன்னவர் அப்பாதானே? அண்ணி அதைச் சொன்னபோது பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லையே. அப்பா கையெழுத்துப் போட்டது எந்த மகனைக் காப்பாற்ற? மகனைத்தானா, தன்னையா?

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. மாலை ஜெபத்துக்கு அப்பா பாய் விரிக்கும் நேரம். சின்ன வயதிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் அவள் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறாள்.

"புஷ்பம்! ஜெபத்துக்கு வாம்மா" என்று அப்பாவின் குரல் வந்தது. எப்போதும் போல அமைதியான குரல்.

அவள் போகவில்லை.